கூட்டணியைக் கலைத்தவர், கூட்டணியைக் கட்டியவர்

திருவண்ணாமலைக்கு இரண்டு ஆர்க்காடுகளும் சொந்தம். ஒரு காலத்தில் அது தென்னார்க்காடு ஜில்லாவில் இருந்தது. பிறகு வட ஆர்க்காட்டுக்கு மாறியது. 1989-ம் ஆண்டில் தனி மாவட்டத்துக்கே தலைநகராயிற்று. விழுப்புரத்தில் இருந்து காட்பாடிக்குப் போகும் ரெயில் பாதை இந்த ஊரைத் தொட்டுக்கொண்டுதான் போகிறது. சுற்றிலும் நிலக்கடலை விளையும் பூமி. கார்த்திகை தீபத்தன்று லட்சக்கணக்கில் ஜனங்கள் கூடுவார்கள். மற்ற நாட்களில் சென்னைப் பட்டணத்து அரசியல் பிரமுகர்கள் இந்தச் சீமையைத் திரும்பிப் பார்ப்பது அரிது.

1952-ம் ஆண்டு பங்குனி மாதத்தில் திரும்பிப் பார்த்தார்கள். கவலையோடு பார்த்தார்கள்.

வட ஆர்க்காட்டிலும் செங்கற்பட்டிலும் செல்வாக்குப் பெற்ற ஒரு சிறு கட்சிக்குச் சட்டசபையில் 6 இடங்கள் கிடைத்திருந்தன. தென்னார்க்காட்டில் வேர் விட்ட மற்றொரு கட்சிக்கு 19 இடங்கள். இந்த 25 பேரும் எந்தப் பக்கம் சாயப்போகிறார்கள்? வடக்கே ஸ்ரீகாகுளத்தில் இருந்து தெற்கே திருநெல்வேலி வரை, மேற்கே மலையாளக் கரை வரை பரந்து கிடந்த சென்னை ராஜ்யத்தை யார் ஆள்வது என்ற கேள்விக்கு விடை சொல்லும் வாய்ப்பு இந்தச் சீமைக்கு வந்துவிட்டது.

அப்போது சென்னை தியாகராய நகரில் ஒரு முதியவர் ஓய்வாக இருந்தார். வயது 73. இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக இருந்து இறங்கியவர். இனி அரசியல் வேண்டாம் என்று எழுத்தும் படிப்புமாக இருந்தவர். சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரி என்ற ராஜாஜி.

தொரப்பள்ளி பிள்ளை

ஓசூருக்குப் பக்கத்தில் தொரப்பள்ளி என்று ஒரு கிராமம். அன்று சேலம் ஜில்லாவைச் சேர்ந்தது. அந்த ஊர் முன்சீப் வீட்டில் 1878-ம் ஆண்டு டிசம்பர் 10-ந் தேதி பிறந்தார். ஓசூரிலும் பெங்களூரிலும் படித்தார். சென்னையில் சட்டம் முடித்து 1900-ம் ஆண்டு வாக்கில் சேலத்தில் வக்கீல் தொழிலைத் தொடங்கினார். கேஸ்கள் குவிந்தன. 1917-ல் சேலம் நகரசபைத் தலைவரானார். மனைவியை இளமையிலேயே பறிகொடுத்து, ஐந்து குழந்தைகளை வளர்க்கும் பொறுப்பையும் சுமந்தார்.

1919-ல் சென்னைக்கு வந்த காந்திஜி அவர் வீட்டில் தங்கினார். அதோடு வக்கீல் தொழில் போயிற்று. 1921 டிசம்பரில் வேலூர் சிறைக்குப் போய் மூன்று மாதம் இருந்து வந்தார். அங்கே எழுதிய நாட்குறிப்பு பின்னர் புத்தகமாயிற்று. திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம், 1930-ல் வேதாரண்யம் உப்பு யாத்திரை, 1933-ல் மகள் லட்சுமிக்கும் காந்திஜியின் மகன் தேவதாசுக்கும் கலியாணம். இவையெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அறிந்த கதை.

1937 தேர்தலில் காங்கிரஸ் 215 இடங்களில் 159 இடங்களைப் பிடித்தது. ராஜாஜி பிரதம மந்திரி ஆனார். (அந்தக் காலத்தில் மாகாண முதல்வருக்கு அதுதான் பெயர்.) சேலத்தில் மதுவிலக்கு, கோவில் நுழைவுச் சட்டம், விற்பனை வரி, பள்ளிகளில் கட்டாய இந்தி என்று இரண்டே ஆண்டுகளில் பாராட்டையும் பகையையும் சம அளவில் சம்பாதித்தார். அந்த மந்திரிசபையில் ரெவின்யூ இலாகாவை வகித்தவர் ஆந்திர கேசரி தங்குதூரி பிரகாசம்.

பிரகாசம் ராஜாஜியைவிட ஆறு வயது மூத்தவர். இவர் கணக்குப் பார்த்து அடி வைப்பவர். அவர் சைமன் கமிஷன் எதிர்ப்பின்போது சென்னையில் போலீஸ் துப்பாக்கிக்கு எதிரே மார்பைக் காட்டியவர். 1946-ல் ராஜாஜி முதல்வராக வேண்டும் என்று காந்திஜி விரும்பினார். சென்னைக் காங்கிரஸ் அங்கத்தினர்களோ பிரகாசத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். ஓராண்டு முடிவதற்குள் அவரையும் இறக்கிவிட்டார்கள். ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் வந்தார். பிரகாசம் மனம் கசந்து காங்கிரசை விட்டே போய்விட்டார். ராஜாஜி வங்காளத்துக்குக் கவர்னராகப் போய், அங்கிருந்து டில்லிக்குப் போனார்.

இந்த இருவரும் மீண்டும் எதிரெதிரே நின்றது 1952-ல்.

188 எங்கே?

வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு என்று நடந்த முதல் பொதுத் தேர்தல் அது. சென்னைச் சட்டசபைக்கு 375 இடங்கள். ஆட்சி அமைக்க 188 பேர் வேண்டும். காங்கிரசுக்குக் கிடைத்தது 152. நூற்றுக்கு ஏறக்குறைய 35 ஓட்டுகள்தான் அக்கட்சிக்கு விழுந்திருந்தன.

முதல் மந்திரி குமாரசாமி ராஜாவே தோற்றுப்போனார். பக்தவத்சலம் தோற்றார். மற்றும் பல மந்திரிகள் தோற்றார்கள். உணவுப் பஞ்சமும் ரேஷனும் ஜனங்களை வாட்டி எடுத்திருந்தன. தெலுங்கு ஜில்லாக்களில் தனி ஆந்திரம் கொடுக்கவில்லை என்ற கோபம் வேறு.

எதிரே யார் இருந்தார்கள்? கம்யூனிஸ்டுகள் 62. பிரகாசத்தின் கிசான் மஸ்தூர் பிரஜா கட்சி 35. உழைப்பாளர் கட்சி 19. ரங்காவின் கிருஷிகார் லோக் கட்சி 15. சோஷலிஸ்டுகள் 13. காமன்வீல் கட்சி 6. முஸ்லிம் லீக் 5. இவர்களோடு சுயேச்சைகள் 62 பேர். மிச்சம் சில்லறைக் கட்சிகள். காங்கிரஸ் அல்லாதவர்களை ஒன்றாகக் கூட்டினால் 223!

காகிதத்தில் கூட்டுவது சுலபம். ஒரே பெஞ்சில் உட்கார வைப்பதுதான் கஷ்டம்.

உழைப்பாளர் கட்சியும் காமன்வீல் கட்சியும் இரண்டு ஆர்க்காடுகளிலும் அடுத்த ஜில்லாக்களிலும் வாழும் வன்னிய குல மக்களின் குறைகளை முன்வைத்துப் பிறந்தவை. ஒன்றுக்குத் தலைவர் எஸ். எஸ். ராமசாமி படையாட்சி. மற்றதற்கு எம். ஏ. மாணிக்கவேலு நாயக்கர். மண்ணை உழுகிறவன் நாம், மந்திரிசபையில் நமக்கு இடம் இல்லையே என்ற ஏக்கம்தான் இரண்டுக்கும் மூலதனம். பிறந்து சில மாதங்களே ஆன கட்சிகள் பெரிய காங்கிரசை இந்தச் சீமையில் உலுக்கிவிட்டன. தி.மு. கழகம் அந்தத் தேர்தலில் நிற்கவில்லை. திராவிட நாடு கோரிக்கைக்குச் சட்டசபையில் குரல் கொடுப்பதாக ஒப்புக்கொண்டவர்களை ஆதரித்தது. அப்படி ஆதரவு பெற்றவர்களில் இந்த இரு கட்சிகளும் உண்டு. ஆகவே காங்கிரசுக்கு எதிராக விழுந்த ஓட்டு என்று அந்த 25 இடங்களைப் பற்றிச் சொன்னால் யாரும் மறுக்க முடியாது.

166 பேர் ஜாபிதா

பிரகாசத்துக்கு அப்போது 79 வயது. ஆனாலும் சளைக்கவில்லை. கம்யூனிஸ்டுகள், தம் கட்சியினர், ஆர்க்காட்டுக் கட்சிகள், சுயேச்சைகள் என்று பலரைச் சேர்த்து ஐக்கிய ஜனநாயக முன்னணியை அமைத்தார். 166 அங்கத்தினர்கள் தம் பக்கம் இருப்பதாகக் கவர்னரிடம் உரிமை கோரினார்.

166 என்பது காங்கிரசின் 152-ஐவிட 14 அதிகம். 188-க்கு 22 குறைவு. இந்த இரண்டு கணக்கையும் சேர்த்தே பார்க்க வேண்டும். அன்று முன்னணிக்காரர்கள் முதல் கணக்கையே சொன்னார்கள். காங்கிரஸ்காரர்கள் இரண்டாவது கணக்கையே சொன்னார்கள்.

கவர்னர் பதவிக்கு ஸ்ரீபிரகாசா வந்து சில நாட்களே ஆகியிருந்தன. காசி நகரத்துக்காரர், பழைய காங்கிரஸ்காரர். தேர்தலுக்குப் பிறகு ஒட்டிய முன்னணியைவிடத் தனிப்பெரும் கட்சியை அழைப்பதே முறை என்று முடிவு செய்தார். அரசியல் சட்டத்துக்கு அப்போது இரண்டு வயதுதான். கவர்னர் யாரை முதலில் அழைக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை. முன்மாதிரியும் இல்லை.

காங்கிரசுக்கோ தலைவர் இல்லை. முதல் மந்திரி தோற்றுவிட்டார். இந்த நெருக்கடியில் கட்சிக்காரர்கள் ராஜாஜியின் வீட்டு வாசலை மிதித்தார்கள். காமராஜருக்கும் ராஜாஜிக்கும் இருந்த பழைய பிணக்கு ஊர் அறிந்தது. அதையும் ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் வந்தார்கள். டில்லியில் நேருவுக்கு மனம் ஒப்பவில்லை. ஜனங்கள் கைவிட்ட கட்சி பதவியை விடாமல் பிடித்துக்கொள்கிறது என்ற பேச்சு வருமே என்று அவர் தயங்கினார்.

ராஜாஜி நிபந்தனைகளோடு வந்தார். மந்திரிசபையை அமைப்பதில் கட்சி தலையிடக்கூடாது. தேர்தலில் நின்று ஓட்டுக் கேட்கவும் அவர் தயாராக இல்லை. எம்.எல்.ஏ.யும் அல்ல, எம்.எல்.சி.யும் அல்ல, எப்படி முதல் மந்திரியாவது? இலக்கியம், கலை, சமூக சேவை போன்றவற்றில் சிறந்தவர்களைக் கவர்னர் மேல்சபைக்கு நியமிக்கலாம் என்று ஒரு விதி இருக்கிறது. அந்த வழியாக அவரை ஸ்ரீபிரகாசா நியமித்தார். 1952 ஏப்ரல் 10-ந் தேதி ராஜாஜி முதல் மந்திரியாகப் பதவி ஏற்றார்.

எதிர்க்கட்சிகள் கொதித்தெழுந்தன. இலக்கியவாதி என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தக் கதவு இலக்கியவாதிகளுக்காகத் திறந்து வைத்தது. முதல் மந்திரி உள்ளே வருவதற்காக அல்லவே! அந்தக் கேள்வி நியாயமானதுதான். சிறையில் இருந்தபடியே மதுரையில் ஜெயித்த கம்யூனிஸ்டுத் தலைவர் பி. ராமமூர்த்தி ஹைகோர்ட்டுக்குப் போனார். தலைமை நீதிபதி ராஜமன்னார் அடங்கிய பெஞ்சு மனுவைத் தள்ளிவிட்டது. கவர்னர் தம் பதவியின் அதிகாரத்தைக் கொண்டு செய்த காரியத்துக்குக் கோர்ட்டில் பதில் சொல்ல வேண்டியதில்லை என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

அவிழ்ந்த முடிச்சு

சட்டம் வழிவிட்டது. எண்ணிக்கை வழிவிட வேண்டுமே! 152 பேரை வைத்துக்கொண்டு 375 பேர் உள்ள சபையை நடத்த முடியுமா?

ராஜாஜி முன்னணியை முன்புறமாகத் தாக்கவில்லை. அதன் கட்டு எங்கே தளர்ந்திருக்கிறது என்று பார்த்தார். பொதுவுடைமை பேசுகிறவருக்கும் ஆர்க்காட்டு விவசாயிக்கும் நடுவே இருந்த ஒரே கயிறு காங்கிரஸ் மேல் கோபம். கோபம் தணிந்தால் கயிறு இற்றுப்போகும். மந்திரிசபையில் இடம் இல்லையே என்பதுதானே ஆர்க்காட்டாரின் மனத்தாங்கல்? இடம் கொடுத்தார். மாணிக்கவேலு நாயக்கர் ரெவின்யூ மந்திரியானார். காமன்வீல் கட்சியின் 6 பேரும் இந்தப் பக்கம் வந்தார்கள். ராமநாதபுரம் ராஜா சேதுபதி போன்ற சுயேச்சைகள் வந்தார்கள். ரங்காவின் கட்சியும் முஸ்லிம் லீக்கும் ஆதரவு கொடுத்தன.

படையாட்சி அன்று மந்திரிசபையில் சேரவில்லை. 1954-ல் காமராஜர் முதல்வரானபோது அவரும் மந்திரியானார். ஆக இரண்டே ஆண்டுகளில் இரண்டு ஆர்க்காடுகளும் காங்கிரஸ் மந்திரிசபைக்குள் வந்துவிட்டன. தி.மு. கழகத்தாருக்கு இது துரோகமாகப் பட்டது. தம் தயவில் ஜெயித்தவர்கள் கைகழுவிவிட்டுப் போனார்கள் என்று மேடை தோறும் பேசினார்கள். ஆர்க்காட்டு ஜனங்களில் பலருக்கோ தங்களவர் ஒருவர் கோட்டையில் மந்திரி நாற்காலியில் உட்கார்ந்தது பெரிய காரியமாகப் பட்டது. நிலவரி பார்க்கும் இலாகா சொந்தச் சீமைக்காரர் கையில் இருந்தால் தாலுகா கச்சேரியில் கொஞ்சம் மரியாதை கிடைக்கும் அல்லவா? இரண்டில் எதையும் தவறு என்று தள்ளிவிட முடியாது.

ராஜாஜி ஆள் பிடிப்பதோடு நிற்கவில்லை. ஜூன் மாதத்தில் உணவுக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார். யுத்த காலத்தில் இருந்து ஜனங்களைக் க்யூவில் நிறுத்தி வைத்திருந்த ரேஷன் போயிற்று. அதிகாரிகள் பயந்தார்கள். அரிசி பதுங்கிவிடும், விலை ஏறிவிடும் என்றார்கள். நடந்தது வேறு. கடைகளில் அரிசி வந்தது. காங்கிரசைத் தோற்கடித்த காரணங்களில் பெரிய ஒன்றே போய்விட்டது. ஜூலை முதல் வாரத்தில் சட்டசபையில் நம்பிக்கை ஓட்டெடுப்பு நடந்தது. மந்திரிசபை ஏறக்குறைய 50 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தது. பிரகாசத்தின் முன்னணிக்கு ஆட்சிக் கனவு அதோடு முடிந்தது. ஆகஸ்டில் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டமும் வந்தது. கம்யூனிஸ்டுகளின் கோட்டைக்குள்ளேயே போய்ச் செய்த வேலை அது. கம்யூனிஸ்டுகள்தான் தமது முதல் விரோதிகள் என்று அவர் சபையிலேயே பகிரங்கமாக அறிவித்திருந்தார்.

இதே ஆண்டில் மற்ற இடங்களில் என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். பஞ்சாப் பக்கத்து பெப்சு ராஜ்யத்தில் காங்கிரஸ் மந்திரிசபை சரிந்து, எதிர்க்கட்சிகளின் ஐக்கிய முன்னணி கியான் சிங் ராரேவாலா தலைமையில் ஏப்ரலிலேயே ஆட்சிக்கு வந்தது. ஓராண்டு தாங்கவில்லை; ஜனாதிபதி ஆட்சி வந்தது. திருவாங்கூர்-கொச்சியில் காங்கிரஸ் பெரும்பான்மை இல்லாமல், தமிழர்களின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசை நம்பி ஆட்சி நடத்தியது. அந்தத் தமிழர் கட்சி 1953-ல் ஆதரவை வாபஸ் வாங்கியதும் அங்கே மந்திரிசபை கவிழ்ந்தது. சென்னையில் மட்டும் சிறுபான்மை மந்திரிசபை பெரும்பான்மையாக மாறி நின்றது.

பிரகாசத்தின் கதையையும் சொல்லிவிடலாம். 1953 அக்டோபர் 1-ந் தேதி ஆந்திர ராஜ்யம் பிறந்தது. அதன் முதல் முதல்வர் அவர்தான். மறு ஆண்டு நவம்பரில் மதுவிலக்குப் பிரச்னையில் நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தது. ஒரே ஒரு ஓட்டில் மந்திரிசபை கவிழ்ந்தது. 1957-ல் காலமானார். கையில் இருந்ததையெல்லாம் பொதுக் காரியத்துக்குக் கொட்டிவிட்டு ஏழையாகச் செத்த மனிதர். 1952-ல் கவர்னர் அவரை முதலில் அழைத்து, சபையில் பலத்தைக் காட்டச் சொல்லியிருந்தால்? ஜெயித்திருப்பார் என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. தோற்றாலும் சபையில் தோற்றோம் என்ற திருப்தியாவது அவருக்கு இருந்திருக்கும். 1988-ல் சர்க்காரியா கமிஷன் வகுத்த வரிசையில், தேர்தலுக்கு முன்பே சேர்ந்த கூட்டணிக்கு முதலிடம். பிறர் ஆதரவோடு உரிமை கோரும் தனிப்பெரும் கட்சிக்கு அடுத்த இடம். தேர்தலுக்குப் பின் சேர்ந்த கூட்டணிக்கு அதற்கும் பின்னால்தான் இடம். 1994-ல் பொம்மை வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு, பலத்தைச் சோதிக்கும் இடம் சட்டசபையே என்று தீர்த்துச் சொன்னது. பிரகாசத்துக்கு இரண்டும் காலம் கடந்து வந்தவை.

138-ம் 138-ம்

சேர்த்துக்கொண்ட ஆட்களை வைத்து ராஜாஜி எவ்வளவு காலம் ஓட்ட முடிந்தது? இரண்டு ஆண்டு. 1953-ல் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அரைநாள் பள்ளி, மிச்ச நேரம் தகப்பன் தொழில் என்று ஒரு கல்வித் திட்டத்தைக் கொண்டு வந்தார். கட்சியைக் கேட்கவில்லை. குலக்கல்வி என்ற பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. பெரியாரும் தி.மு. கழகமும் தெருவில் இறங்கினார்கள். திட்டத்தைக் கைவிட வேண்டும் என்ற தீர்மானம் ஜூலையில் சபைக்கு வந்தபோது ஆதரவு 138, எதிர்ப்பு 138! அன்று சர்க்கார் தப்பியது. ஆனால் திட்டத்தை நிறுத்தி வைத்து நிபுணர் குழுவுக்கு விட வேண்டும் என்ற தீர்மானம் இரண்டே ஓட்டில் நிறைவேறிவிட்டது. ஆள் சேர்ப்பதில் அத்தனை நிதானம் காட்டியவர், தம் மனத்துக்குச் சரியென்று பட்ட ஒன்றில் எண்ணிக்கையைப் பார்க்க மறுத்தார். 1942-லும் அப்படித்தான். பாகிஸ்தான் விஷயத்தில் தனி வழி போய்க் காங்கிரசை விட்டு விலகினார். 1954-ல் உடல் நிலையைக் காரணம் சொல்லி இறங்கினார். ஏப்ரல் 13-ந் தேதி காமராஜர் முதல்வரானார். திட்டம் மறைந்தது.

1957 தொடக்கத்தில் காங்கிரசை விட்டே வெளியேறினார். 1959 ஜூனில் சென்னையில் சுதந்திரா கட்சி பிறந்தது. லைசென்சு, பர்மிட்டு, கோட்டா ஆட்சியை ஒழிப்பதே நோக்கம். கட்சித் தலைவராக வந்தவர் யார்? 1952-ல் தமது 15 பேரோடு கைகொடுத்த அதே ரங்கா.

80 வயதில் புதுக்கட்சி! இப்போது அவரே எதிர்க்கட்சிக்காரர். 1952-ல் எந்தக் கட்டை அவிழ்த்தாரோ அதே போன்ற கட்டை இப்போது தாமே கட்ட வேண்டும்.

மீண்டும் திருவண்ணாமலை

1957-ல் தி.மு. கழகம் முதன்முதலாகத் தேர்தலில் நின்று 15 இடங்களைப் பிடித்தது. அவர்களில் ஒருவர் திருவண்ணாமலையில் ஜெயித்த ப. உ. சண்முகம். லோக்சபைக்கும் திருவண்ணாமலையில் கழகமே ஜெயித்தது. 1962-ல் காமராஜர் அந்த 15 தொகுதிகளையும் குறிவைத்து வேலை செய்தார். காஞ்சீபுரத்தில் அண்ணாதுரை தோற்றார். திருவண்ணாமலையில் சண்முகம் தோற்றார். ஆனாலும் மொத்தத்தில் கழகத்துக்கு 50 இடங்கள் கிடைத்தன. சுதந்திரா கட்சிக்கு 6. இரு கட்சிகளுக்கும் அந்தத் தேர்தலில் முழு உடன்பாடு இல்லை. எதிர்ப்பு ஓட்டுகள் சிதறின. 206 இடங்களில் 139-ஐக் காங்கிரஸ் அள்ளிக்கொண்டது.

1963-ல் திருவண்ணாமலைக்கு இடைத்தேர்தல் வந்தது. முதல்வர் காமராஜர் செல்வாக்கின் உச்சியில் இருந்த நேரம். அணைகளும் பள்ளிக்கூடங்களும் பகல் உணவுமாகப் பேர் எடுத்த ஆட்சி. அப்படியிருந்தும் காங்கிரஸ் தோற்றது. சண்முகம் ஜெயித்தார். அண்ணாமலையார் ஊரில் விழுந்த அடி காமராஜரை யோசிக்க வைத்தது. அந்த ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி அவர் பதவியைத் துறந்து கட்சிப் பணிக்குப் போனதற்கு இந்தத் தோல்வியும் ஒரு காரணம் என்று சொல்வார் உண்டு. பக்தவத்சலம் முதல்வரானார்.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தன. 1965 ஜனவரியில் இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சி. துப்பாக்கிச் சூடு. தொடர்ந்து அரிசிப் பஞ்சம். 1937-ல் பள்ளியில் இந்தியைப் புகுத்திய ராஜாஜி இப்போது இந்தித் திணிப்பைக் கண்டித்தார். அந்த நாளில் அவரை எதிர்த்துக் கறுப்புக் கொடி பிடித்தவர்களின் அடுத்த தலைமுறை அவர் வீட்டுத் திண்ணைக்கு வந்தது.

1967 தேர்தலுக்கு முன்பே பேச்சு முடிந்துவிட்டது. எந்தத் தொகுதியில் யார் என்று பிரித்துக்கொண்டார்கள். தி.மு. கழகம், சுதந்திரா, மார்க்சிஸ்டு கம்யூனிஸ்டுகள், முஸ்லிம் லீக், சோஷலிஸ்டுக் கட்சிகள், ம. பொ. சிவஞானமும் சி. பா. ஆதித்தனாரும் உதயசூரியன் சின்னத்திலேயே நின்றார்கள். முதல் விரோதிகள் என்று ராஜாஜி ஒரு காலத்தில் அறிவித்தாரே, அந்த அணியின் ஒரு பிரிவும் இதில் இருந்தது! ராஜாஜியின் நியமனத்தை எதிர்த்து ஹைகோர்ட்டுக்குப் போன அதே ராமமூர்த்தி, இந்தக் கூட்டணியில் மதுரையில் லோக்சபைக்கு நின்று ஜெயித்தார். பிரகாசத்தின் முன்னணியை ஒட்டுப்போட்ட துணி என்று அன்று கேலி செய்தவர்கள் இதை என்னவென்று சொல்வது என்று தெரியாமல் திகைத்தார்கள்.

ஒட்டு ஒட்டுதான். வித்தியாசம் தையல் போட்ட நேரத்தில் இருந்தது. பிரகாசம் ஓட்டு எண்ணிய பிறகு தைத்தார். ராஜாஜியும் அண்ணாவும் ஓட்டுக்கு முன்னால் தைத்தார்கள். வாக்காளர் துணியைப் பார்த்தே வாங்கினார்.

88 வயதில் ராஜாஜி மேடை ஏறினார். முடிவு வந்தது. 234 இடங்களில் தி.மு. கழகத்துக்கு மட்டும் 137. சுதந்திராவுக்கு 20. மார்க்சிஸ்டுகளுக்கு 11. காங்கிரசுக்கு 51. விருதுநகரில் காமராஜரே தோற்றார். பக்தவத்சலம் தோற்றார், 1952-லும் தோற்றவர், 1967-லும் தோற்றார். ஓட்டுக் கணக்கைப் பார்த்தால் வேடிக்கை. காங்கிரசுக்கு நூற்றுக்கு 41 ஓட்டு. கழகத்துக்கு அதைவிடச் சற்றுக் குறைவுதான். எதிர்ப்பு ஓட்டு சிதறாமல் ஒரே பெட்டிக்குப் போனதால் வந்த வெற்றி அது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. தமிழ்நாடு முழுவதும் அலை அடித்த அந்தத் தேர்தலில், முதலில் காற்று மாறிய திருவண்ணாமலை சட்டசபைத் தொகுதி காங்கிரசுக்குப் போய்விட்டது!

தனித்து நின்ற முதியவர்

கழகத்துக்குச் சொந்தப் பலமே போதுமானதாக இருந்தது. கூட்டு மந்திரிசபை வரவில்லை. மார்ச் 6-ந் தேதி அண்ணா தம் கட்சியினரோடு மட்டும் பதவி ஏற்றார். 20 இடங்களைப் பிடித்த சுதந்திரா கட்சி வெளியே நின்றது. 1952-ல் 6 பேரை வைத்திருந்த மாணிக்கவேலு நாயக்கருக்கு மந்திரி பதவி கிடைத்தது. 188 வேண்டியிருந்த சபையில் 6 பேர் பெரிய கூட்டம். 137 பேர் ஒரே கட்சியாக இருக்கும் சபையில் 20 பேர் விருந்தாளிகள். இந்தக் கணக்கு ராஜாஜிக்குத் தெரியாததல்ல. தேன் நிலவு நெடுநாள் நீடிக்கவில்லை.

1969-ல் அண்ணா மறைந்தார். 1971-ல் ராஜாஜி மற்றொரு கூட்டணியைக் கட்டினார். இந்தத் தடவை பங்காளி யார்? அரை நூற்றாண்டு அரசியல் எதிரியான காமராஜர்! இரண்டு முதியவர்களும் ஒரே அணியில் நின்றார்கள். தி.மு. கழகம் 184 இடங்களை வென்றது. காமராஜர் கட்சிக்கு 15. சுதந்திராவுக்கு 6. அதே ஆண்டு மதுவிலக்கைத் தளர்த்த சர்க்கார் முடிவு செய்தபோது, கொட்டும் மழையில் முதல்வர் கருணாநிதியின் வீட்டுக்குப் போய் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். சேலத்தில் 1937-ல் தாம் தொடங்கிய காரியம் கண்ணெதிரே அழிவதைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

1972-ம் ஆண்டு டிசம்பர் 25-ந் தேதி சென்னை அரசினர் பொது மருத்துவமனையில் ராஜாஜி காலமானார். வயது 94.

1952-ல் அந்தப் பக்கம் இருந்து இந்தப் பக்கம் வந்த மாணிக்கவேலு நாயக்கர் 1964 முதல் 1970 வரை சென்னை மேல்சபையின் தலைவராக வீற்றிருந்தார். முதல் மந்திரியாக ராஜாஜி நுழைந்த கதவு அந்தச் சபையின் கதவுதான். 1986 நவம்பர் 1-ந் தேதியோடு அதையும் மூடிவிட்டார்கள்.